எக்ஸ்பாண்ட்-ஃபைல்-நேம் கடைசி ஸ்லாஷை விழுங்குகிறது: இது பக்-ஆ (கோட் பிழையா), இப்படித்தானா?

ரெயின்போநகர்_டிடிபி கேட்கிறார்:

ஈமேக்ஸ் லிஸ்ப் (ஈமேக்ஸ் எடிட்டரின் புரோகிராம் மொழி) தெரிந்தவர்கள் யாராவது இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள். புதுச்சேரியில் சின்ன டிடிபி கடை வைத்திருக்கிறேன். புத்தகம், கோயில் மலர், ஆண்டறிக்கை என்று வருகிற வேலைகளில் பாதி லேடெக் என்ற டைப்செட்டிங் மென்பொருளில்தான் ஓடுகிறது, எடிட்டர் ஈமேக்ஸ். புரூஃப் பார்த்து பிடிஎஃப் தயாரானதும் அதை அந்த வாடிக்கையாளரின் ஃபோல்டரில் ஒரு நகல் போட்டு வைக்கிற மாதிரி சின்னதாக ஒரு கமாண்ட் எழுதி வைத்திருந்தேன். பல வருஷமாக ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஓடியது.

2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த ராத்திரி கடைக்குள் தண்ணீர் ஏறிவிட்டது, தரையில் வைத்திருந்த பழைய மெஷின் அதோடு சரி. நல்லவேளை, பேக்கப் டிஸ்க் பரண் மேல் இருந்தது. பழைய மெஷினில் உபுண்டு 18.04, ஈமேக்ஸ் 25.2. புதியதில் டெபியன் 12, ஈமேக்ஸ் 28.2. பழைய கான்ஃபிக்கை ஒரு எழுத்து மாற்றாமல் அப்படியே கொண்டுவந்து போட்டேன். சில வாடிக்கையாளர்களுக்கு கமாண்ட் ஒழுங்காக வேலை செய்கிறது, சிலருக்கு மட்டும் காப்பி போய்ச்சேர வேண்டிய இடம் ஒரு டைரக்டரி என்கிற ரீதியில் எர்ரர் போட்டு நின்றுவிடுகிறது.

தோண்டிப் பார்த்ததில் கிடைத்தது இது. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் உள்-ஃபோல்டர் பெயர் ஒன்று வைத்திருப்பேன், தேவையில்லை என்றால் வெறும் காலி ஸ்ட்ரிங். அதை எக்ஸ்பாண்ட்-ஃபைல்-நேமில் (முதலில் பெயர், இரண்டாவதாக டைரக்டரி வாங்கும் ஃபங்ஷன்) கொடுத்து முழு பாத்தாக்கி காப்பி-ஃபைலுக்கு அனுப்புகிறேன். ஈமேக்ஸின் சோதனைப் பக்கமான ஸ்க்ராட்ச் பஃபரில் போட்டுப் பார்த்தேன் (லிஸ்ப் அடைப்புக்குறிகளை விட்டுவிட்டு எழுதுகிறேன், படிக்க சுலபமாக இருக்கும்):

எக்ஸ்பாண்ட்-ஃபைல்-நேம் "அட்டை/" "/வேலை/மலர்/"
விடை: "/வேலை/மலர்/அட்டை/"

எக்ஸ்பாண்ட்-ஃபைல்-நேம் "" "/வேலை/மலர்/"
விடை: "/வேலை/மலர்"

இரண்டாவதில் கடைசி ஸ்லாஷ் எங்கே போனது? நான் ஸ்லாஷோடுதானே கொடுத்தேன்! டாக்ஸ்ட்ரிங்கை (ஃபங்ஷனோடு வரும் விளக்கக் குறிப்பை) மேலிருந்து கீழ்வரை படித்தேன். ஒற்றைப் புள்ளி, இரட்டைப் புள்ளியை என்ன செய்யும், நடுவில் ஸ்லாஷ் இரண்டு மூன்று வந்தால் ஒன்றாக்கும், டில்டே (~) வந்தால் ஹோம் டைரக்டரி, எல்லாம் எழுதியிருக்கிறார்கள். ரூட்டுக்கு (எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் "/" டைரக்டரிக்கு) மேலே போகச் சொன்னால் "/.." என்று விசித்திரமாக விடை வரும் என்பதைக்கூட எச்சரிக்கையாகப் போட்டிருக்கிறார்கள். கடைசி ஸ்லாஷ் நிற்குமா போகுமா என்று ஒரு வரி இல்லை. 25க்கும் 28க்கும் நடுவில் இதை மாற்றினார்களா? பக் என்று எழுதிப் போடலாமா?

—

கெடிலக்கரை எழுதுகிறார்:

எக்ஸ்பாண்ட்-ஃபைல்-நேமில் எதுவும் மாறவில்லை. உங்கள் பழைய 25.2-இலும் காலி ஸ்ட்ரிங்குக்கு ஸ்லாஷ் இல்லாத விடைதான் வந்திருக்கும், நீங்கள் பார்க்கவில்லை, பார்க்க வேண்டிய அவசியமும் வரவில்லை. மாறியது காப்பி-ஃபைல். 2018-இல் வந்த 26.1-இன் நியூஸ் ஃபைலை (பதிப்பு மாற்றங்களின் பட்டியலை) எடுத்துப் படியுங்கள், ஈமேக்ஸுக்குள்ளேயே கண்ட்ரோல்-யூ கண்ட்ரோல்-எச் என் அடித்துப் பதிப்பைச் சொன்னால் வரும்.

அங்கே சொல்லியிருப்பது இதுதான்: ஃபைலை உருவாக்குகிற, பெயர் மாற்றுகிற ஃபங்ஷன்களுக்குக் கொடுக்கும் இலக்கு, ஸ்லாஷில் முடிந்தால்தான் இனிமேல் "இந்த டைரக்டரிக்குள்ளே போடு" என்று அர்த்தம். ஸ்லாஷ் இல்லை என்றால் அதுவே புது ஃபைலின் பெயர். காப்பி-ஃபைல், ரீநேம்-ஃபைல், மேக்-சிம்பாலிக்-லிங்க், ரைட்-ஃபைல் என்று ஒரு பட்டியலே இருக்கிறது. அதற்கு முன்னால் ஸ்லாஷ் இல்லாமல் கொடுத்தாலும், அந்தப் பெயரில் டைரக்டரி இருக்கிறதா என்று டிஸ்க்கில் பார்த்து, இருந்தால் தானாகவே உள்ளே போட்டுவிடும். இங்கிருந்து பஸ் ஏறி "கடலூர் ஒண்ணு" என்றால் கண்டக்டர் "ஓ.டி.யா, என்.டி.யா", அதாவது ஓல்டு டவுனா நியூ டவுனா, என்று கேட்பார் இல்லையா? பழைய காப்பி-ஃபைல் கேட்காமலேயே முகத்தைப் பார்த்துக் கிழித்துக் கொடுத்த கண்டக்டர். புதியவர் கேட்கிறார்.

ஏன் மாற்றினார்கள் என்பதும் அங்கேயே இருக்கிறது. டைரக்டரியா என்று பார்ப்பதற்கும் நிஜமாகக் காப்பி செய்வதற்கும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கிறது. பலர் புழங்கும் டெம்ப் மாதிரி இடத்தில், அந்த இடைவெளியில் வேறொரு புரோகிராம் அதே பெயரில் ஒரு டைரக்டரியையோ சிம்லிங்க்கையோ (வேறோர் இடத்தைச் சுட்டும் பெயரையோ) கொண்டுவந்து வைத்துவிட்டால் உங்கள் ஃபைல் அவன் சொல்லும் இடத்துக்குப் போகும். பாதுகாப்பு ஓட்டை. அதை அடைத்தார்கள்.

சரிசெய்ய ஒரு வரி போதும். காப்பி-ஃபைலுக்கு அனுப்பும் முன் விடையை ஃபைல்-நேம்-ஆஸ்-டைரக்டரிக்குள் போட்டு எடுங்கள். ஸ்லாஷ் இருந்தால் சும்மா விடும், இல்லாவிட்டால் சேர்க்கும். நியூஸ் ஃபைல் சொல்லும் வைத்தியமும் இதேதான், பழைய பதிப்பிலும் புதியதிலும் ஓடும்.

—

ரெயின்போநகர்_டிடிபி:

போட்டேன், ஓடுகிறது. ரொம்ப நன்றி, அண்ணே.

ஆனால் என் கேள்வியில் பாதி அப்படியே நிற்கிறது. காப்பி-ஃபைல் மாறியதற்குக் காரணம் எழுதி வைத்திருக்கிறார்கள், நியாயமாகவும் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். எக்ஸ்பாண்ட் ஃபங்ஷன் நான் கொடுத்த ஸ்லாஷை எடுத்ததற்கு எங்கே எழுதி வைத்திருக்கிறார்கள்? "அட்டை/" கொடுத்தால் ஸ்லாஷ் நிற்கிறது, "" கொடுத்தால் போகிறது. இரண்டுமே டைரக்டரிதானே.

—

லாப்மெஷின்_மூணு எழுதுகிறார்:

கடலூரில் காலேஜ் படிக்கிறேன், லிஸ்ப் இப்போதுதான் கற்றுக்கொள்கிறேன், அதனால் விளக்கம் எல்லாம் தெரியாது. சும்மா விதவிதமாகக் கொடுத்துப் பார்த்தேன். உபுண்டு 24.04, ஈமேக்ஸ் 29.3. டைரக்டரி எல்லாவற்றுக்கும் "/வேலை/மலர்/" தான்.

"" கொடுத்தால் "/வேலை/மலர்"
"." கொடுத்தால் "/வேலை/மலர்"
"./" கொடுத்தால் "/வேலை/மலர்/"
".." கொடுத்தால் "/வேலை"
"../" கொடுத்தால் "/வேலை/"
"அட்டை" கொடுத்தால் "/வேலை/மலர்/அட்டை"
"அட்டை/" கொடுத்தால் "/வேலை/மலர்/அட்டை/"

டைரக்டரியை ஸ்லாஷ் இல்லாமல் "/வேலை/மலர்" என்று மாற்றிக் கொடுத்தாலும் ஏழு விடையும் அச்சு அசலாக அதேதான். அப்படியென்றால் முதல் ஆர்கியுமெண்ட் ஸ்லாஷில் முடிந்தால் விடையும் முடிகிறது, இரண்டாவதில் ஸ்லாஷ் இருப்பதை அது கண்டுகொள்வதே இல்லை. சரியா அண்ணே? ரூட் மட்டும் விதிவிலக்கு, "" உடன் "/" கொடுத்தால் "/" வருகிறது. அதையும் எடுத்துவிட்டால் மிச்சம் ஒன்றுமே இருக்காதே.

இந்த மெஷினில் "/வேலை" என்று ஒரு ஃபோல்டரே கிடையாது, அது வேறு விஷயம். இருக்கிறதா இல்லையா என்று அது பார்ப்பதாகவே தெரியவில்லை.

—

கெடிலக்கரை:

தம்பி சரியாகப் பிடித்துவிட்டார். இந்த ஃபங்ஷன் லிஸ்ப்பில் இல்லை, சி-யில் எழுதியது, ஃபைல்-ஐஓ என்ற ஃபைலில் இருக்கிறது. உள்ளே நடப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் டைரக்டரி ஆர்கியுமெண்டின் வாலில் இருக்கும் ஸ்லாஷைச் சீவி எறிகிறது, ரூட்டாக இருந்தால் விட்டுவிடுகிறது. அப்புறம் பெயர் ஏதாவது இருந்தால் நடுவில் ஒரு ஸ்லாஷ் வைத்து ஒட்டுகிறது. பெயர் காலியாக இருந்தால் ஒட்ட ஒன்றுமில்லை, ஆகவே நடு ஸ்லாஷும் இல்லை. கடைசியில் ஒட்டிய ஸ்ட்ரிங்கை இடமிருந்து வலமாக நடந்து புள்ளிகளைச் சுருக்குகிறது. "." வந்தால் அதற்கு முன்னால் இருக்கும் ஸ்லாஷோடு சேர்ந்து போகிறது, "./" வந்தால் பின்னால் இருக்கும் ஸ்லாஷ் மிஞ்சுகிறது. அட்டவணையில் இருக்கும் ஏழு விடையும் இதிலிருந்து தானாக வந்துவிடும்.

டிஸ்க்கைப் பார்ப்பதில்லை என்பதும் சரி, அது டாக்ஸ்ட்ரிங்கிலேயே இருக்கிறது. அதனால்தான் சிம்லிங்க் வழியாக இரட்டைப் புள்ளி போட்டால் எக்ஸ்பாண்ட் ஒரு விடையும், சிம்லிங்க்கைத் தொடர்ந்து போய்ப் பார்க்கும் ஃபைல்-ட்ரூநேம் வேறு விடையும் தரும். மேனுவலில் இதற்கு உதாரணமே கொடுத்திருக்கிறார்கள்.

ரெயின்போநகர், "இரண்டுமே டைரக்டரிதானே" என்றீர்கள். ஈமேக்ஸைப் பொறுத்தவரை இவை இரண்டு வேறு விஷயங்கள், மேனுவலில் டைரக்டரி நேம்ஸ் என்று தனிப் பிரிவே இருக்கிறது. "/வேலை/மலர்/" டைரக்டரி நேம். "/வேலை/மலர்" அந்த டைரக்டரியின் ஃபைல் நேம், ஏனென்றால் டைரக்டரியும் ஒரு வகை ஃபைல்தான். ஒன்றை இன்னொன்றாக மாற்ற இரண்டு ஃபங்ஷன் இருக்கிறது, போகிற பக்கம் ஒன்று, வருகிற பக்கம் ஒன்று. எக்ஸ்பாண்ட்-ஃபைல்-நேம், பெயரிலேயே இருக்கிறபடி, ஃபைல் நேமைத் தருகிறது. நீங்கள் டைரக்டரி நேம் எதிர்பார்த்தீர்கள். ஆகவே பக் இல்லை.

—

மணக்குளத்தெரு எழுதுகிறார்:

இப்படி எதற்கெடுத்தாலும் "மேனுவலில் தனிப் பிரிவு இருக்கிறது" என்று முடித்துவிடுவதுதான் ஈமேக்ஸ்காரர்களிடம் எனக்குப் பிடிக்காத பழக்கம், நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி என்றாலும் சொல்கிறேன். அது ஃபைல் நேமைத் தருகிறது என்றால் "அட்டை/" கொடுத்தபோது ஏன் ஸ்லாஷோடு தந்தது? அது டைரக்டரி நேம் ஆயிற்றே! ஒன்று எப்போதும் ஃபைல் நேம் தரட்டும், அல்லது எப்போது எதைத் தரும் என்று எழுதட்டும். ஒரு மாணவர் ஸ்க்ராட்ச் பஃபரில் உட்கார்ந்து கண்டுபிடித்த விதியை டாக்ஸ்ட்ரிங்கில் ஒரே வாக்கியத்தில் எழுதிவிடலாம், எழுதவில்லை. 1985-இலிருந்து வெளியாகிற புரோகிராம் இது.

இந்த ஸ்லாஷ் இருப்பதும் இல்லாததும் காப்பி-ஃபைலோடு நிற்பதில்லை. ஃபைல்-நேம்-டைரக்டரியிடம் "/வேலை/மலர்" கொடுத்தால் "/வேலை/" வரும், "/வேலை/மலர்/" கொடுத்தால் "/வேலை/மலர்/" அப்படியே திரும்பி வரும். ஃபைல்-நேம்-நான்டைரக்டரி முதலாவதுக்கு "மலர்" என்று தரும், இரண்டாவதுக்குக் காலி ஸ்ட்ரிங். நான் பில் லாக் எழுதும் ஒரு கமாண்டில் வேலையின் பெயரை இப்படித்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் பார்த்தால் சில வரிகளில் பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கிறது, எர்ரர் கிடையாது, எச்சரிக்கை கிடையாது, வெறும் இரண்டு கமா அடுத்தடுத்து நிற்கிறது. எர்ரர் வந்தால்கூடப் பரவாயில்லை, உடனே தெரிந்துவிடும். ரெயின்போநகர் அந்த வகையில் அதிர்ஷ்டக்காரர்.

என் கட்சி இதுதான். இத்தனை வருஷமாக மாறாமல் இருக்கிறது, எத்தனையோ பேக்கேஜ் இந்த விடையை நம்பி எழுதப்பட்டிருக்கிறது, இனி மாற்றவும் முடியாது. மாற்ற முடியாத ஒன்றை எழுதி வைப்பதில் என்ன நஷ்டம்? கோட் பக் இல்லை என்றால் டாக் பக். எழுதிப் போடத்தான் வேண்டும்.

—

கெடிலக்கரை:

நஷ்டம் இருக்கிறது. எழுதி வைத்த வினாடி அது வாக்குறுதி ஆகிவிடுகிறது.

இதே ஈமேக்ஸில் உங்கள் வாதத்துக்கு நேர் எதிரான சாட்சி இருக்கிறது. காப்பி-ஃபைல் ஸ்லாஷ் இல்லாமலும் உள்ளே போட்டதே, அதுவும் எத்தனையோ வருஷம் மாறாமல் இருந்ததுதான், அதையும் எத்தனையோ பேர் நம்பி எழுதியிருந்தார்கள், ரெயின்போநகர் உட்பட. அதை 26-இல் எடுத்தபோது நியூஸ் ஃபைலில் எப்படி எழுதினார்கள் தெரியுமா? பழைய, எழுதி வைக்கப்படாத நடத்தை என்றுதான். பல இடங்களில் அது டாக்குமெண்டேஷனுக்கே முரணாக இருந்தது என்றும் சேர்த்து. எழுதாமல் இருந்ததால்தான் ஓட்டையை அடைக்க அவர்களுக்குக் கை இருந்தது. எழுதியிருந்தால் இன்னும் அந்த ஓட்டையோடுதான் இருப்போம்.

இன்னொன்று. எக்ஸ்பாண்ட்-ஃபைல்-நேம் என்று நாம் கூப்பிடும்போது எப்போதும் அந்த சி கோடே பதில் சொல்வதில்லை. ட்ராம்ப் வழியாக ரிமோட் சர்வர் ஃபைலைத் திறந்தால், பாத்தின் தலையைப் பார்த்துவிட்டு ஃபைல்-நேம்-ஹேண்ட்லர் பட்டியலில் இருந்து வேறொரு ஃபங்ஷன் வந்து பதில் சொல்லும். விண்டோஸில் டிரைவ் எழுத்து, இரட்டை ஸ்லாஷில் தொடங்கும் ஷேர் பாத் என்று வேறு தலைவலி. நீங்கள் எழுதும் அந்த ஒரே வாக்கியம் இவை எல்லாவற்றையும் கட்டும். கட்டுவதற்கு முன் எல்லா ஹேண்ட்லரையும் சோதித்துப் பார்க்கிற ஆள் யார்?

—

மணக்குளத்தெரு:

சரி, மாற்றிக்கொள்ளக் கை வேண்டும் என்றால் அதையாவது எழுதட்டும்! ஃபைல்-ஈக்வல்-பி டாக்ஸ்ட்ரிங்கைப் பாருங்கள். இரண்டு ஃபைலில் ஏதாவது ஒன்று இல்லாவிட்டால் விடை என்ன என்று உறுதி கிடையாது என வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்கள். அது நேர்மை. படிக்கிறவன் அதை நம்பி எழுத மாட்டான். இங்கே இருப்பது மௌனம். மௌனத்தைப் பார்க்கிறவன் ஸ்க்ராட்ச் பஃபரில் போட்டுப் பார்ப்பான், வருகிற விடையை விதி என்று எடுத்துக்கொள்வான், வேறென்ன செய்வான்? மேலே தம்பி அதைத்தானே செய்தார், நீங்களும் "சரியாகப் பிடித்துவிட்டார்" என்று தட்டிக்கொடுத்தீர்கள். வாக்குறுதி இல்லாத ஒன்றை எப்படிச் சரியாகப் பிடிக்க முடியும்?

காப்பி-ஃபைல் உதாரணமும் எனக்குத்தான் உதவுகிறது. அங்கே பாதுகாப்புக் காரணம் இருந்தது, டிஸ்க்கைத் தொடுகிற ஃபங்ஷன். எக்ஸ்பாண்ட் டிஸ்க்கைத் தொடுவதே இல்லை, ஸ்ட்ரிங் வாங்கி ஸ்ட்ரிங் கொடுக்கிறது. அதை நாளைக்கு மாற்ற என்ன காரணம் வரப்போகிறது?

—

லாப்மெஷின்_மூணு:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். இன்னும் கொஞ்சம் நோண்டியதில் ஒன்று கிடைத்தது, ஸ்லாஷைவிட இதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

எக்ஸ்பாண்ட்-ஃபைல்-நேம் "~ரூட்" "/வேலை/மலர்/"

ரூட் என்று நான் எழுதியிருப்பது அந்த நிஜ யூசர் பெயர், டெர்மினலில் ஆங்கிலத்தில் அடித்தேன். விடையில் மலரும் இல்லை, வேலையும் இல்லை. நேராக ரூட் யூசரின் ஹோம் டைரக்டரி வருகிறது! அந்தப் பெயரில் யூசர் இல்லாவிட்டால் மட்டும் ஒழுங்காக மலருக்குள் ஒட்டிக்கொடுக்கிறது. அப்படியென்றால் ஒரு ஃபோல்டரில் இருக்கும் ஃபைல்களைப் பட்டியல் எடுத்து ஒவ்வொன்றாக எக்ஸ்பாண்ட் செய்தால், யாராவது டில்டேயில் தொடங்கும் பெயரில் ஒரு ஃபைல் வைத்திருந்தால் என்ன ஆகும்? இதுவும் எழுதி வைக்கப்படாததா?

—

கெடிலக்கரை:

இது எழுதி வைக்கப்பட்டது. டாக்ஸ்ட்ரிங்கில் டில்டே யூசர் பற்றித் தெளிவாக இருக்கிறது, யூசர் இல்லாவிட்டால் விரிக்காது என்பது உட்பட. இருந்தாலும் நீங்கள் பயப்படுவது நியாயம்தான். இந்த ஃபங்ஷனை வெறும் "ஒட்டும் பசை"யாகப் பயன்படுத்துகிறவர்கள் எல்லோரும் மாட்டும் இடம் இது. அதற்கு வேலை ஒட்டுவது இல்லை, மனிதன் தட்டிய பெயரை விரிப்பது.

ஒட்டத்தான் வேண்டும் என்றால் 28.1-இல் ஃபைல்-நேம்-கான்கேட் வந்துவிட்டது. டில்டேயைத் தொடாது, புள்ளிகளைச் சுருக்காது, காலி ஸ்ட்ரிங் வந்தால் தாண்டிப் போய்விடும். ரெயின்போநகர் கேஸில் "/வேலை/மலர்/" உடன் "" கொடுத்தால் ஸ்லாஷ் கைபடாமல் "/வேலை/மலர்/" என்றே வரும், அவர் முதலில் எதிர்பார்த்ததும் அதுதான். பட்டியல் எடுக்கும்போது டைரக்டரி-ஃபைல்ஸுக்கு முழுப் பெயர் வேண்டும் என்று சொல்லிவிட்டால் எக்ஸ்பாண்ட் செய்கிற வேலையே மிச்சம்.

—

ரெயின்போநகர்_டிடிபி:

டில்டே சமாச்சாரம் படித்ததும் ஒரு நிமிஷம் திக்கென்றது. வாடிக்கையாளர்கள் கொண்டுவரும் பென்டிரைவில் வேர்டு திறந்திருந்தபோது விட்டுப்போன லாக் ஃபைல்கள் டில்டேயும் டாலர் குறியுமாக எப்போதும் கிடக்கும். தேடிப் பார்த்தேன், டாலரில் தொடங்கும் யூசர் எங்கள் மெஷினில் இல்லை என்பதால் எதுவும் இடம் மாறவில்லை. இருந்தாலும் கான்கேட்டுக்கு மாற்றிவிட்டேன். டாலர் இருப்பதால் என்விரான்மெண்ட் வேரியபிள் என்று நினைத்து விரிக்குமோ என்று பார்த்தேன், அது எக்ஸ்பாண்டின் வேலை இல்லை, சப்ஸ்டிட்யூட்-இன்-ஃபைல்-நேம் என்று தனி ஃபங்ஷன் இருக்கிறதாம்.

—

பாண்டிமேக் எழுதுகிறார்:

கொஞ்சம் தள்ளி வந்த விஷயம்தான், ஆனாலும் நீங்கள் எல்லோரும் ஃபோல்டருக்குத் தமிழில் பெயர் வைத்திருப்பதைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை. எக்ஸ்பாண்ட் செய்த இரண்டு பாத்தை ஸ்ட்ரிங்காக ஒப்பிட்டு "ஒன்றுதான்" என்று முடிவு செய்கிறீர்கள் என்றால் ஸ்லாஷ் மட்டும் பிரச்சினை இல்லை. "கோப்பு" என்று ஒரு ஃபோல்டர் இருக்கட்டும். அந்த ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் ஒரு வித்தியாசமும் தெரியாது. பழைய மேக் டிஸ்க் ஃபார்மேட்டான எச்எஃப்எஸ் பிளஸ் பெயர்களைப் பிரித்துத்தான் வைத்துக்கொள்ளும், லினக்ஸ் நீங்கள் தட்டியதை அப்படியே வைத்துக்கொள்ளும். எக்ஸ்பாண்ட்-ஃபைல்-நேம் இதில் எதையும் சேர்த்துவைக்காது. கடையில் மேக் ஒன்று, லினக்ஸ் ஒன்று என்று வைத்துக்கொண்டு டிஸ்க்கை மாற்றி மாற்றிச் செருகினால் ஒரே பெயரில் இரண்டு ஃபோல்டர் நிற்கும். மேக்குக்காக ஈமேக்ஸில் யூடிஎஃப்-8-எச்எஃப்எஸ் என்று ஒரு கோடிங் சிஸ்டம் இருக்கிறது, அது பார்த்துக்கொள்ளும். லினக்ஸ் பக்கம் வந்து விழுந்த பெயர்களை நாம்தான் கவனிக்க வேண்டும்.

மற்றபடி பக்-ஆ இல்லையா சண்டையில் நான் மணக்குளத்தெரு பக்கம்.

—

மணக்குளத்தெரு:

ஆள் சேர்ந்தாயிற்று. எம்-எக்ஸ் ரிப்போர்ட்-ஈமேக்ஸ்-பக் என்ற கமாண்ட் வழியாக டாக்குமெண்டேஷன் திருத்தம் என்று அனுப்பப்போகிறேன், கோடைத் தொடச் சொல்லவில்லை. ஆங்கிலத்தில் எழுதும் முன் இங்கே தமிழில் போடுகிறேன், கெடிலக்கரை சார் கத்தியை எடுத்துக்கொள்ளலாம் (நேம் என்பது முதல் ஆர்கியுமெண்ட், டிஃபால்ட்-டைரக்டரி இரண்டாவது):

"விடை எப்போதும், நேம் ஸ்லாஷில் முடிந்தால் ஸ்லாஷில் முடியும், இல்லாவிட்டால் முடியாது. டிஃபால்ட்-டைரக்டரி ஸ்லாஷில் முடிகிறதா என்பது விடையைப் பாதிக்காது. நேம் காலியாக இருந்தால் விடை டைரக்டரியின் ஃபைல் நேம். டைரக்டரி நேம் தேவை என்றால் ஃபைல்-நேம்-ஆஸ்-டைரக்டரியைப் பயன்படுத்துக."

—

கெடிலக்கரை:

"எப்போதும்" வேண்டாம். ரூட்டில் உடைகிறது, ஹேண்ட்லர்களில் யாரும் சோதிக்கவில்லை. முதல் வாக்கியத்தையே எடுத்துவிடுங்கள். இரண்டாவதும் அதே கட்டுத்தான், அதுவும் போகட்டும். மூன்றாவதும் நான்காவதும் இருக்கட்டும். மாட்டுகிறவர்கள் எல்லோரும் காலி ஸ்ட்ரிங்கில்தான் மாட்டுகிறார்கள், அதற்குப் போதும். அந்த அளவுக்கு என்றால் நானும் ஆட்சேபிக்க மாட்டேன்.

—

மணக்குளத்தெரு:

முதலாவதை எடுக்கிறேன். இரண்டாவதை எடுக்க மாட்டேன், ரெயின்போநகர் விழுந்தது அதில்தான். "பொதுவாகப் பாதிக்காது" என்று போடுகிறேன், அதற்கு மேல் இறங்க முடியாது.

—

கெடிலக்கரை:

போடுங்கள். அவர்கள் அங்கே அந்தப் "பொதுவாக"வைப் பிடித்துக்கொண்டு கேட்பார்கள், லிங்க்கை இங்கே ஒட்டிவிடுங்கள், ட்ராம்ப் பக்கம் நான் போட்டுப் பார்த்துச் சொல்கிறேன்.

—

லாப்மெஷின்_மூணு:

விண்டோஸ் லேப் மெஷின் ஒன்று காலியாக இருக்கிறது, டிரைவ் எழுத்து வைத்து அதே ஏழு கேஸையும் அதில் ஓட்டிப் பார்க்கிறேன்.